லினக்ஸ் முனையத்தில் வட்டையும் பார்ட்டிஷனையும் அடையாள எண்ணால் கண்டுபிடிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், ஒவ்வோர் இரவும் வீட்டுக் கணினியிலிருந்து வெளிப்புற வன்வட்டுக்குக் காப்புநகல் எடுக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். இலக்கு எது என்பதை அதில் /டெவ்/எஸ்டிபி1 என்றே குறித்திருந்தேன். மாதக்கணக்கில் அது சொன்னபடி ஓடியது. ஒரு நாள் வேறொரு வன்வட்டையும் செருகிய நிலையிலேயே கணினியை மறுதொடக்கம் செய்தேன். அன்று எஸ்டிபி என்ற பெயர் புதிதாக வந்த வட்டுக்குப் போய்விட்டது. மூலத்தில் இல்லாத கோப்புகளை இலக்கிலிருந்து அழித்துவிடும் டெலீட் தெரிவையும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையோடு சேர்த்திருந்ததால், அந்த வட்டில் இருந்த குடும்பப் படங்கள் விடிவதற்குள் அழிந்து, அவை இருந்த இடத்தில் காப்புநகல் உட்கார்ந்திருந்தது. பிழை ஸ்கிரிப்டில் இல்லை. வட்டை அதன் பெயரால் அழைத்ததில் இருந்தது.

எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் வந்த வரிசைக்குத் தரப்படும் டோக்கன் போன்றவை. எந்த வட்டு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கண்ணில் முதலில் படுகிறதோ அதற்கு முதல் பெயர் கிடைக்கும். அடுத்த தொடக்கத்தில் வரிசை மாறினால் பெயரும் மாறும். யூஎஸ்பி வட்டுகளில் இது அடிக்கடி நேரும். ஒன்றுக்கு மேற்பட்ட என்விஎம்இ வட்டுகள் உள்ள கணினியிலும் அவற்றின் வரிசை எண் நிலையானது என்று யாரும் உறுதி தரவில்லை. எனவே ஒரு வட்டைத் தவறாமல் கண்டுபிடிக்க, அதன்மீதே எழுதப்பட்டிருக்கும் அடையாளத்தைக் கேட்பதே சரியான வழி.

கட்டளைகளை இக்கட்டுரையில் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். எழுத்தெழுத்தாக ஒலிப்பவற்றை எழுத்தெழுத்தாகவும், சொல்லாக ஒலிப்பவற்றை ஆங்கிலச் சொல்லாகவும் முனையத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் சிறிய எழுத்துகளே.

கட்டளைகளுக்குப் போகும் முன், எந்த அடையாளம் எதைச் சேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் குழம்புகிறவர்களே மிகுதி. வட்டில் இரண்டு வகையான அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் வகை, கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் அமைப்பான கோப்பு முறைமையைச் சேர்ந்தது: யூயூஐடி என்ற எண்ணும், லேபிள் என்று நாம் சூட்டும் பெயரும். எம்கேஎஃப்எஸ் கட்டளையால் வட்டை ஃபார்மட் செய்யும்போது இந்த எண் பிறக்கிறது. மறுபடி ஃபார்மட் செய்தால் பழைய எண் மறைந்து புதியது வரும். இரண்டாவது வகை, வட்டு எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணையைச் சேர்ந்தது: பார்ட்யூயூஐடி என்ற எண்ணும், பார்ட்லேபிள் என்ற பெயரும். இவை பார்ட்டிஷனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே இருப்பதை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பார்ட்யூயூஐடி மாறாது, ஆனால் அந்தப் பார்ட்டிஷனை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் பொதுவாக மாறிவிடும். ஜிபிடி அட்டவணையில் மட்டுமே பார்ட்லேபிள் உண்டு; பழைய எம்பிஆர் அட்டவணையில் பெயர் எழுத இடமே கிடையாது. இவை இரண்டும் போக, தயாரிப்பாளர் தரும் மாடல் பெயரும் தொடர் எண்ணும் வன்பொருளையே சுட்டும் மூன்றாவது அடையாளமாகின்றன. முழு வட்டையும் குறிப்பிட வேண்டிய வேலைகளில் அது கைகொடுக்கும்.

முதலில், கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம். எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று தட்டினால் எல்லா வட்டுகளும் அவற்றின் பார்ட்டிஷன்களும் கிளைவிட்ட மரம் போல வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே கோப்பு முறைமையின் வகை, லேபிள், யூயூஐடி, தற்போது எந்தக் கோப்பகத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது (மவுண்ட்) என்ற விவரங்கள் இருக்கும். பார்ட்யூயூஐடி இந்தப் பட்டியலில் இயல்பாக வராது. அதையும் பார்க்க வேண்டுமானால், -ஓ என்ற தெரிவுக்குப் பின் நேம், சைஸ், எஃப்எஸ்டைப், லேபிள், யூயூஐடி, பார்ட்யூயூஐடி, மவுண்ட்பாயிண்ட் என்று வேண்டிய நெடுவரிசைகளின் பெயர்களை இடைவெளி விடாமல் காற்புள்ளியிட்டுத் தர வேண்டும். நெடுவரிசைகளில் சைஸ் இருப்பது மிகவும் முக்கியம். இரண்டு வட்டுகளும் ஒரே வகைக் கோப்பு முறைமை கொண்டிருக்கும்போது, 931.5 ஜிபி எது, 465.8 ஜிபி எது என்று அளவைப் பார்த்தே நம் கண் முதலில் அடையாளம் காண்கிறது. ஒரு டெராபைட் என்று வாங்கிய வட்டு 931.5 என்று காட்டுவதைக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், இக்கட்டளை 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது.

யூயூஐடி நெடுவரிசையைப் பார்த்துப் பழகியவர்கள், எண்ணின் வடிவத்தைக் கொண்டே அது எவ்வகை வட்டு என்று சொல்லிவிடுவார்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற லினக்ஸ் கோப்பு முறைமைகளில் அது 128 பிட் நீளமுள்ள எண். பூஜ்யம் முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள 32 குறிகளாக, 8-4-4-4-12 என்ற பிரிப்பில், இடைக்கோடுகளோடு சேர்த்து 36 இடங்களை எடுத்துக்கொள்ளும். ஃபேட் முறைமையில் ஃபார்மட் செய்த பென் டிரைவுக்கு 32 பிட் மட்டுமே உள்ள குட்டி எண் இருக்கும். என் மேசைமேல் இருக்கும் ஒன்றின் எண் 4826-1735. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமைக்கு இடைக்கோடே இல்லாத 16 குறிகள். ஐஎஸ்ஓ கோப்பை எழுதிய நிறுவல் வட்டில் எண்ணுக்குப் பதிலாக, அந்தப் படிமம் உருவாக்கப்பட்ட தேதியும் நேரமும் இருக்கும். எம்பிஆர் வட்டின் பார்ட்யூயூஐடியும் சிறியதே: வட்டின் கையொப்பமான எட்டு குறிகளும், ஓர் இடைக்கோடும், பார்ட்டிஷனின் வரிசை எண்ணும் சேர்ந்து 90417263-02 என்பது போல அமையும்.

இனி, எண்ணோ பெயரோ கையில் இருக்கிறது, அது இப்போது எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கென்றே உள்ள கட்டளை ஃபைண்ட்எஃப்எஸ். தியடோர் சோ முதலில் எழுதி, கரேல் ஸாக் பின்னர் யூடில்-லினக்ஸ் தொகுப்புக்காக மாற்றி எழுதிய இந்தக் கருவி ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது. ஃபைண்ட்எஃப்எஸ் யூயூஐடி=4826-1735 என்று தட்டினால், /டெவ்/எஸ்டிசி1 என்று ஒரு வரி விடையாக வரும்; அவ்வளவே. யூயூஐடி என்ற இடத்தில் லேபிள், பார்ட்யூயூஐடி, பார்ட்லேபிள் ஆகிய மூன்றில் எதையும் தரலாம். சமக்குறிக்கு முன் வரும் எல்லா இடங்களிலும் இந்த நான்கு சொற்களையும் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. லேபிளுக்குள் இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். எண்ணை மனத்திலிருந்தோ காகிதத்திலிருந்தோ தட்டாமல், எல்எஸ்பிஎல்கே காட்டியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது நல்லது. இந்த எண்களைக் கருவிகள் எழுத்துச் சரமாகவே ஒப்பிடுகின்றன. ஆகவே சிறிய எழுத்தில் உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதினால் கிடைக்காமல் போகக்கூடும்.

ஃபைண்ட்எஃப்எஸ் கட்டளைக்குப் பெரும்பாலும் நிர்வாகி உரிமை தேவைப்படாது. காரணம், அது முதலில் யூடெவ் என்ற சேவை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் இணைப்புகளைப் பார்க்கிறது. அங்கே கிடைக்காவிட்டால்தான் வட்டுகளை நேரடியாகத் துழாவுகிறது. அந்த இணைப்புகளை நாமும் பார்க்கலாம். /டெவ்/டிஸ்க் என்ற கோப்பகத்துக்குள் பை-யூயூஐடி, பை-லேபிள், பை-பார்ட்யூயூஐடி, பை-ஐடி, பை-பாத் என்று உட்கோப்பகங்கள் இருக்கும். எல்எஸ் -எல் /டெவ்/டிஸ்க்/பை-யூயூஐடி என்று தட்டினால், இடப்பக்கம் எண்ணும், அம்புக்குறிக்கு வலப்பக்கம் தற்போதைய சாதனப் பெயரும் வரும். ஃபைண்ட்எஃப்எஸ் இல்லாத மிகச் சிறிய மீட்பு அமைப்பில் மாட்டிக்கொண்டால், ரீட்லிங்க் -எஃப் கட்டளைக்குப் பின் இந்த இணைப்பின் முழுப் பாதையைத் தந்து அதே விடையைப் பெறலாம். மாடல் பெயரும் தொடர் எண்ணும் பை-ஐடி கோப்பகத்தில்தான் இருக்கின்றன. வட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேலட்டையில் அச்சிட்டிருக்கும் அதே தொடர் எண் என்பதால், நான்கு வட்டுகள் உள்ள பெட்டியில் பழுதான ஒன்றை மட்டும் உருவி எடுக்கும் வேலைக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

பலருக்கும் பழக்கமான இன்னொரு கட்டளை பிஎல்கேஐடி. பெரிய எழுத்து யூ கொண்ட -யூ தெரிவோடு எண்ணைத் தந்தாலும், பெரிய எழுத்து எல் கொண்ட -எல் தெரிவோடு லேபிளைத் தந்தாலும், ஃபைண்ட்எஃப்எஸ் தரும் அதே விடையை அதுவும் தரும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் எல்லாம் இதையே பரிந்துரைக்கின்றன. நான் இதை முதல் கட்டளையாகப் பயன்படுத்துவதில்லை. அதன் கையேடே, வட்டுகளின் பொது விவரங்களுக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பயன்படுத்தும்படி சொல்கிறது. பிஎல்கேஐடி தான் கண்டவற்றை ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. நிர்வாகி உரிமை தரும் சூடோ இல்லாமல் ஓட்டினால், வட்டைப் படிக்க உரிமை இல்லாத காரணத்தால், சேமித்து வைத்த பழைய விவரத்தையே காட்டிவிடலாம். இப்போதுதான் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனுக்குப் பழைய எண்ணே வருகிறது என்று திகைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு வட்டில் உண்மையாகவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டிய வேளையில் பிஎல்கேஐடிக்கு ஈடில்லை: சூடோ பிஎல்கேஐடி -பி /டெவ்/எஸ்டிசி1 என்று தட்டினால், சேமிப்பைப் புறக்கணித்து நேராக வட்டையே படித்துச் சொல்லும்.

ஸ்கிரிப்டுக்குள் இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் வெளியேறும் நிலை எண்ணைச் சோதிக்காமல் விடக் கூடாது. ஃபைண்ட்எஃப்எஸ் தேடியதைக் கண்டால் 0, காணாவிட்டால் 1, கட்டளையே தவறாக எழுதப்பட்டிருந்தால் 2 என்று திருப்பித் தரும். சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஃபைண்ட்எஃப்எஸ் தரும் விடையை ஒரு மாறியில் வாங்கி, அடுத்த வரியில் மவுண்ட் கட்டளைக்கு அந்த மாறியையும் /எம்என்டி என்ற கோப்பகத்தையும் தருகிறோம். வட்டு செருகப்படவில்லை, மாறி வெறுமையாக இருக்கிறது. மாறியை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை என்றால், ஷெல் அதை முழுவதுமாக விழுங்கிவிட, மீதி இருப்பது மவுண்ட் /எம்என்டி மட்டுமே. அப்படி ஒரு பதிவு, ஏற்ற வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறதா என்று மவுண்ட் தேடி, இல்லை என்று சொல்லித் தோற்கிறது. அந்தத் தோல்வியையும் சோதிக்காமல் அடுத்த வரி ஆர்சிங்க் கட்டளையை ஓட்டினால், காப்புநகல் முழுவதும் /எம்என்டி என்ற வெற்றுக் கோப்பகத்தில், அதாவது கணினியின் சொந்த வட்டிலேயே எழுதப்பட்டு, அது நிரம்பி வழியும் வரை போகும். ஆகவே ஃபைண்ட்எஃப்எஸ் தோற்றால் அங்கேயே வெளியேறும்படி எழுதுங்கள். அதற்கு மேல், ஆர்சிங்க் வரிக்கு முன்னால் மவுண்ட்பாயிண்ட் -கியூ /எம்என்டி என்ற கட்டளையால் அங்கே உண்மையிலேயே ஒரு வட்டு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை கேளுங்கள். என் ஸ்கிரிப்டில் இப்போது இரண்டு சோதனைகளும் இருக்கின்றன.

வட்டை ஏற்ற மட்டுமே வேண்டுமானால் ஃபைண்ட்எஃப்எஸ் கூடத் தேவையில்லை. மவுண்ட் யூயூஐடி=4826-1735 /எம்என்டி என்று நேராகவே எழுதலாம். எம்கேஎஃப்எஸ், டிடி போன்ற கட்டளைகளுக்கு முன்போ, சாதனப் பெயரையே கேட்கும் வேறு கருவிகளுக்கோதான் ஃபைண்ட்எஃப்எஸ் உண்மையில் வேண்டியிருக்கிறது. அழிக்கும் வேலை எதையும் தொடங்கும் முன், எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவையும் ஃபைண்ட்எஃப்எஸ் தரும் பெயரையும் ஒத்துப்பார்க்க அரை நிமிடம் போதும்.

முப்பத்திரண்டு குறிகளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கையால் செருகிக் கழற்றும் வட்டுகளுக்கு நல்ல லேபிள் ஒன்று சூட்டிவிடுவது வசதி. எக்ஸ்ட்4 வட்டுக்குச் சூடோ ஈ2லேபிள் என்பதன் பின் சாதனப் பெயரையும் புதிய லேபிளையும் தந்தால் போதும். லேபிளைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் இடம் குறைவு. எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட்டுகள் மட்டுமே உண்டு. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணைக்காலும் கொம்பும் உட்பட, யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. “தமிழ்” என்ற சொல் ஐந்து குறிகள், 15 பைட்டுகள், மயிரிழையில் அடங்கிவிடும். “படங்கள்” ஏழு குறிகள், 21 பைட்டுகள், அடங்காது. எக்ஸ்எஃப்எஸ் தருவது 12 பைட்டுகள்தான், ஆகவே அங்கே “தமிழ்” என்பதற்கே இடமில்லை. ஜிபிடியின் பார்ட்லேபிள் தாராளமானது. அது யூடிஎஃப்-16 முறையில் 36 அலகுகள் கொண்டது என்பதால் “குடும்பப் படங்கள்” என்று முழுமையாகவே எழுதலாம். லேபிளில் இடைவெளி விட்டால், /டெவ்/டிஸ்க்/பை-லேபிள் கோப்பகத்தில் அந்த இடைவெளி பின்சாய்கோடும் எக்ஸும் 20-உம் சேர்ந்த குறியாக மாறித் தெரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கணினி தொடங்கும்போதே வட்டு தானாக ஏற்றப்பட வேண்டுமானால், /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கான வரியின் முதல் புலத்தில் யூயூஐடி=எண் என்று எழுத வேண்டும். வெளிப்புற வட்டுக்கு நான்காவது புலத்தில் நோஃபெயில் என்ற தெரிவைச் சேர்க்காமல் விட்டால், வட்டு செருகப்படாத நாளில், தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடிகள் அதற்காகக் காத்திருந்து, பிறகு அவசரநிலை முனையத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கோப்பைத் திருத்தியதும் மறுதொடக்கம் செய்து சோதிக்காதீர்கள். ஃபைண்ட்எம்என்டி கட்டளையோடு இரண்டு கோடுகளிட்டு வெரிஃபை என்ற தெரிவைத் தந்தால், எண் தவறா, கோப்பகம் இல்லையா, வகை பொருந்தவில்லையா என்று ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துச் சொல்லும். ரூட் பார்ட்டிஷனை, அதாவது இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனை, கர்னலுக்கே சுட்டும் இடத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. தொடக்கத்தின்போது நினைவகத்தில் தற்காலிகமாக ஏற்றப்படும் தொடக்கநிலை ரேம் வட்டு இல்லாத அமைப்பில், கர்னலால் பார்ட்யூயூஐடியைத் தானே புரிந்துகொள்ள முடியும்; கோப்பு முறைமையின் யூயூஐடியைப் புரிந்துகொள்ள முடியாது. ராஸ்பெரி பை கணினியின் தொடக்க வரியில் ரூட்=பார்ட்யூயூஐடி என்று இருப்பதைக் கண்டவர்களுக்கு அதன் காரணம் இதுவே.

இருந்தும் எண் கிடைக்கவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மறையாக்கத்தை. லக்ஸ் முறையில் பூட்டிய பார்ட்டிஷனுக்கு வெளியே ஒரு யூயூஐடியும், அதற்குள் இருக்கும் கோப்பு முறைமைக்கு வேறொரு யூயூஐடியும் உண்டு. கடவுச்சொல் தந்து திறக்கும் வரை உள்ளே இருப்பது எந்தக் கட்டளைக்கும் தெரியாது. இப்போதுதான் பார்ட்டிஷனைத் திருத்தியிருந்தால், சூடோ பார்ட்ப்ரோப் என்று தட்டிக் கர்னலை அட்டவணையை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டுத் தேடிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஒரே எண்ணோடு இரண்டு வட்டுகள் இருப்பது. டிடி கட்டளையால் ஒரு வட்டை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுத்தால் யூயூஐடி, லேபிள், பார்ட்யூயூஐடி எல்லாம் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் ஒரே கணினியில் செருகியபின் ஃபைண்ட்எஃப்எஸ் ஏதேனும் ஒன்றைத்தான் விடையாகத் தரும். இன்னொன்று இருப்பதாக எச்சரிக்காது. எக்ஸ்எஃப்எஸ் இதைக் கண்டுகொண்டு இரண்டாவதை ஏற்ற மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் விஷயத்தில் இது ஆபத்தானது: பல வட்டுகளில் பரவிய ஒரே கோப்பு முறைமைக்கு ஒரே எண் இருப்பது அங்கே இயல்பு என்பதால், நகலை அதே முறைமையின் பகுதி என்று அது நினைத்துக்கொண்டால் தரவு கெடலாம். நகலெடுத்த கையோடு புதிய வட்டின் எண்ணை மாற்றிவிடுவதே முறை. எக்ஸ்ட்4 வட்டு எங்கும் ஏற்றப்படாத நிலையில், முதலில் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் கட்டளையால் அதைச் சரிபார்த்துவிட்டு, சூடோ ட்யூன்2எஃப்எஸ் என்பதன் பின் பெரிய எழுத்து யூ கொண்ட -யூ தெரிவையும் ரேண்டம் என்ற சொல்லையும் சாதனப் பெயரையும் தர வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் வட்டுக்கு எக்ஸ்எஃப்எஸ், அடிக்கோடு, அட்மின் என்று சேர்த்தெழுதும் கட்டளையும், அதே -யூ தெரிவும், ஜெனரேட் என்ற சொல்லும். ஜிபிடி அட்டவணையில் உள்ள எண்களைப் புதுப்பிக்க எஸ்ஜிடிஸ்க் கட்டளையைப் பெரிய எழுத்து ஜி கொண்ட -ஜி தெரிவோடு முழு வட்டின்மீது ஓட்ட வேண்டும். எந்த வட்டு மூலம், எந்த வட்டு நகல் என்ற ஐயம் துளியும் இருந்தால் இந்தக் கட்டளைகளை ஓட்டும் முன் மூல வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். எண்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்கும் அந்த வேளையில் இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட மிஞ்சுவது பை-ஐடி கோப்பகத்தில் உள்ள தொடர் எண் மட்டுமே.